நான்காமவருக்கு ஒரு நாற்காலி

மருத்துவமனைகளில் மனிதநேயம் வேண்டும் என்று யாரேனும் பேசத் தொடங்கினால் உடனே வரும் விடை, "கூட்டம் அப்படி, என்ன செய்வது?" என்பது. அடுத்து வருவது, புதிய கட்டடம் எழுப்பியிருக்கிறோம், புதிய ஸ்கேன் இயந்திரம் வாங்கியிருக்கிறோம் என்னும் பெருமிதம். இரண்டும் உண்மைதான், கேட்ட கேள்விக்கு இரண்டும் விடையாகா.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை நாம் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து என்று மூன்றோடு நில்லாமல், அருகிலிருந்து கவனிப்பவரையும் சேர்த்தே எண்ணுகிறது. உழைச்செல்வான் என்பது அங்குள்ள சொல். உழை என்றால் பக்கம். உழைப்பு என்று பொருள்கொண்டு விடைத்தாளில் எழுதும் மாணவர்களுண்டு. அதை அடித்துவிட நமக்குக் கை எழுவதில்லை. இன்றைய மருத்துவமனையில் இந்த நான்காமவர் இருவராக நிற்கிறார்: ஒருவர் செவிலியர், மற்றவர் நோயாளியுடன் வந்த உறவினர். நம் அரசு மருத்துவமனைகள் இவ்விருவரையும் கணக்கில் கொள்ளாமலே நடத்தப்படுகின்றன என்பதே நம் குற்றச்சாட்டு.

சக்கர நாற்காலியைத் தள்ளுபவர் யார்? இரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்பவர், முடிவுத்தாளுக்காகச் சன்னலருகே காத்து நிற்பவர், இரத்தம் கொடுக்க ஊரிலிருந்து ஆள் திரட்டுபவர் யார்? எல்லாம் அந்த உறவினரே. அவரில்லாவிட்டால் வார்டு ஒரு நாள்கூட ஓடாது. ஆயினும் அவருக்குரிய இடம் நடைபாதைத் தரை. ஒரு பாய், ஒரு ஒயர்கூடை, ஒரு பிளாஸ்க். விடியற்காலையில் அதையும் சுருட்டிக்கொண்டு எழச்சொல்லி ஒரு குச்சி தரையைத் தட்டும்.

செவிலியர் நிலை வேறுவகைக் கொடுமை. பொதுப்பிரிவில் ஐந்து நோயாளிக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாயின் மூவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நம் வார்டுகளில் ஓர் இரவு நின்று எண்ணிப் பார்ப்பவர்க்கு அது புனைகதையாகத் தோன்றும். 2015ஆம் ஆண்டு தேர்வு எழுதிப் பணியில் சேர்ந்த ஆயிரக்கணக்கான செவிலியர்க்கு இந்த மாநிலம் தந்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் தரையில் அமர்ந்து போராட நேர்ந்தது. இப்படி நடத்தப்படுபவரிடம் கனிவை எதிர்பார்ப்பதற்கு முன் நாம் சற்று வெட்கப்படலாம்.

தமிழ் கற்பிப்பவர்கள் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். மருத்துவமனையில் ஒருமை மேலிருந்து கீழே இறங்குகிறது. மூத்தவர் இளையவரை, அவர் பணியாளரை, பணியாளர் கிராமத்து மூதாட்டியை, 'வா', 'நில்', 'தள்ளு' என்கிறார். யாரிடம் வாங்கியதோ அதைத்தான் அவரவர் கொடுக்கிறார்கள்.

2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோயாளி ஒருவரின் மகன் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். அச்செயலை நியாயப்படுத்தும் ஒரு சொல்லும் நமக்கு ஏற்புடையதன்று. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்க இம்மாநிலத்தில் 2008 முதலே தனிச்சட்டம் இருக்கிறது. அதற்குப் பின்னும் ஒவ்வொரு தாக்குதலையும் தொடர்ந்து நாம் கேட்பது மேலும் காவலர், மேலும் கதவு. நோய் எந்த நிலையில் இருக்கிறது, இனி என்ன செய்ய முடியும் என்பதை உறவினரை உட்காரவைத்துப் பத்து நிமிடம் விளக்குவதற்கென்று ஒருவரை நியமிக்கும்படி கேட்கிறோமா? மருத்துவருக்கு அந்தப் பத்து நிமிடம் கிடையாது. அவரையும் இதில் குறைசொல்ல நாம் விரும்பவில்லை.

உறவினரை உள்ளே விட்டால் தொற்று பரவும், ஒழுங்கு கெடும் என்பார்கள். பேறுகாலத்தில் தாயோ சகோதரியோ உடனிருக்கலாம் என்று தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004லேயே அனுமதித்தார்கள்; மத்திய அரசு அதே முடிவுக்கு 2016இல்தான் வந்தது. மகப்பேற்று அறையில் இயன்றது எலும்புமுறிவு வார்டில் ஏன் இயலாது?

அடுத்த கட்டடத்துக்கு வரைபடம் போடும்போது படுக்கைதோறும் ஒரு நாற்காலி, தளந்தோறும் உறவினர் இரவில் படுக்க ஒரு கூடம், செவிலியர் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி கண்மூட ஓர் அறை ஆகியவற்றைக் குறிக்கட்டும். காலியான செவிலியர் பணியிடங்களை நிரந்தர ஊதியத்தில் நிரப்பட்டும். இவற்றுக்கான தொகையைச் சட்டமன்றத்தில் ஒரு முறையேனும், ஸ்கேன் இயந்திரத்தின் விலையோடு சேர்த்துப் படிக்கட்டும்.