ஓணம் லீவுக்குப் போனவள் ஏன் விடுதிக்குத் திரும்பவில்லை?

லீவு முடிந்தும் ஒரு மாணவி விடுதிக்கு வராவிட்டால் பதிவேட்டில் 'இடைநிற்றல்' என்று எழுதிவிடுகிறார்கள். பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகளில் இது பழகிப்போன கதை. அவள் ஏன் வரவில்லை என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம், முதலமடை பஞ்சாயத்தில் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் பாலக்காடு போகவேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து டாப்சிலிப், சேத்துமடை வழியாகத்தான் இறங்கவேண்டும். அங்குள்ள காடர், மலசர், முதுவர் பிள்ளைகளுக்கு மேல்வகுப்பு என்றாலே விடுதிதான். இடுக்கியில் இடமலக்குடியும் அப்படித்தான். 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து என்ற பெருமை கிடைத்தது. உயர்நிலைப் பள்ளிக்கு இன்னும் மலை இறங்கத்தான் வேண்டும். 2022-ல் மாநிலமெங்கும் மலைக்குடிகளில் இருந்த ஓராசிரியர் பள்ளிகளையும் அரசு மூடியது. ஆசிரியர்கள் சிலருக்குத் துப்புரவு வேலை கொடுத்தார்கள். தூரத்துப் பள்ளிக்கு நடக்க முடியாத குழந்தைகளுக்கு விடுதியைக் காட்டினார்கள்.

விடுதியில் சோறும் சீருடையும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதுவர் வீட்டுப் பேச்சு தமிழை ஒட்டியது. பாடப்புத்தகம் மலையாளம், வார்டன் அதட்டுவதும் மலையாளம். பத்து வயதில் வந்து சேரும் பெண்ணுக்கு நடுராத்திரி வயிறு வலித்தால், முதல் மாதவிலக்கு வந்தால், பக்கத்துக் கட்டில்காரி அவள் பேச்சைக் கேலி செய்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்? வீட்டுக்குப் போன் போட்டுப் பேசலாமென்றால் பல குடிகளில் சிக்னல் இல்லை. வாய்திறக்க ஆளில்லாத இடத்துக்கு எந்தப் பிள்ளை திரும்பி வரும்? 'அவர்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை' என்று அதிகாரிகள் சொல்வது சுத்த அபத்தம்.

மருந்து அரசின் கையிலேயே இருக்கிறது. வயநாட்டில் 2017-ல் 'கோத்ரபந்து' திட்டம் வந்தது. பயிற்சி பெற்ற பழங்குடி இளைஞர்களையே பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தினார்கள். அட்டப்பாடிக்கும் அது வந்தது. இடமலக்குடிச் சிறுவர்களுக்காகவே 'படிப்புறுசி' என்ற மொழித் திட்டமும் உண்டு. பகல் பள்ளிக்குப் பொருந்துவது இரவு விடுதிக்கு மட்டும் பொருந்தாதா?

பழங்குடியினர் வளர்ச்சித் துறை, எல்லைப் பகுதியின் ஒவ்வொரு பெண்கள் விடுதியிலும் பிள்ளைகளின் பேச்சு தெரிந்த, அவர்கள் சமூகத்துப் பெண் ஒருவரைத் தங்கிப் பணிபுரிய நியமிக்கவேண்டும். தினக்கூலியாக அல்ல, நிரந்தரமாக. லீவு முடியும் நாளில் குடிவரை ஜீப் அனுப்பவேண்டும். ஜூனில் பள்ளி திறக்குமுன் இதைச் செய்யாவிட்டால், குழந்தைகள் உரிமை ஆணையம் தானாக முன்வந்து வழக்கெடுக்கட்டும்.