நிழலுக்கு ஒரு திண்ணை



வீடற்றவர் என்றதும் இரவும் குளிருமே நம் நினைவுக்கு வருகின்றன. அதற்குக் காரணம் உண்டு. 2009 டிசம்பரில் டெல்லியில் தற்காலிக இரவுக் காப்பகம் ஒன்று இடிக்கப்பட்டது. அதையொட்டி, கடுங்குளிரில் வீதியில் கிடந்தோரைக் காக்குமாறு 2010 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்ற அளவு அவ்வழக்கில் எழுந்ததே. 2013இல் நடுவண் அரசு வகுத்த திட்டமும் அவ்வளவையே ஏற்றது. வடநாட்டுக் குளிர் நாடு முழுமைக்கும் ஈந்த நன்மை அது.

ஆனால் காரைக்குடி டெல்லி அன்று. இங்கே மார்கழி இரவை ஒரு போர்வையோடு கழித்துவிடலாம். சித்திரை, வைகாசி நண்பகலை எதைக் கொண்டு கழிப்பது? செம்மண் பூமியும் தார்ச்சாலையும் அனலைக் கக்கும் வேளையில், கடைவாசலிலும் பேருந்து நிலையத்திலும் 'எழுந்து போ' என்ற சொல்லே கிடைக்கிறது. ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தாகத்தை அடக்கிக்கொண்டு தண்ணீர் பருகாதிருக்கும் பெண்களும் வீதியில் உள்ளனர். வெப்பம் உயிரைப் பறிக்கும் என்பதை 2010 மே மாதத்தில் அகமதாபாத் கண்டது. அதன் பின்னரே 2013இல் அந்நகரம் வெப்பத்துக்கெனத் தனித் திட்டம் வகுத்தது. அடுத்து ஐப்பசி, கார்த்திகை வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் நனையாத தரை ஒரு முழமேனும் வேண்டும். இரவில் மட்டும் கதவு திறக்கும் காப்பகம் இம்மண்ணின் துன்பத்தில் பாதிக்குத்தான் மருந்து. 2011 கணக்கெடுப்பிலேயே 1,06,714 மக்களைக் கொண்டிருந்து, 2024இல் மாநகராட்சியாகிவிட்ட ஊர் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

செட்டிநாட்டு முன்னோர் வெயிலை அறிந்தவர்கள். கனத்த சுண்ணாம்புச் சுவர், காற்று இறங்கும் முற்றம், உயர்ந்த கூரை, வாசலில் நீண்ட திண்ணை. அத்திண்ணை வீட்டாருக்கு மட்டுமன்று, வழிப்போக்கருக்கும் உரியதாய் இருந்தது. இன்று அம்மாளிகைகளிற் பல பூட்டிக் கிடக்கின்றன. பல திண்ணைகளுக்கு இரும்புக் கம்பி அடைப்பு வந்துவிட்டது. நகரத்தாரைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. நம் வாசலைப் பார்ப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மஹல்லாப் பள்ளியின் வெளித்தாழ்வாரத்துக்கு இரும்புக் கதவு போடும் தீர்மானத்தில் நானும் கையொப்பமிட்டேன். செருப்புகள் களவு போயின; சிலர் அசுத்தம் செய்தனர். காரணங்கள் பொய்யல்ல. மறு கோடையில், ளுஹர் தொழுகை முடிந்து கதவைப் பூட்டியபோது, அங்கே வழக்கமாகப் படுத்திருந்த முதியவர் ஒன்றும் பேசாமல் தம் மூட்டையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார். நான் உள்ளே மின்விசிறியின் கீழ் அமர்ந்து, மாலைப் பாடத்துக்குக் கிதாபைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மதீனாப் பள்ளியின் ஸுஃப்பாவைப் பற்றி எத்தனை முறை நாம் பயான் செய்திருக்கிறோம்! வீடும் உறவும் அற்றுவந்த தோழர்களுக்காகப் பேரீச்ச ஓலை வேய்ந்த நிழலிடம் அது. 'திண்ணைத் தோழர்கள்' என்றே தமிழில் அவர்களைச் சொல்கிறோம். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அங்கே பசியோடு கிடந்தவர்தாம். நிழலையும், வெப்பத்தைத் தடுக்கும் ஆடையையும் அந்நஹ்ல் அத்தியாயத்தில் தன் அருட்கொடைகளாக அல்லாஹ் எண்ணிக் காட்டுகிறான். சுட்டெரிக்கும் பாலையில் இறங்கிய வேதமல்லவா அது!

பள்ளிக்குள் உறங்கலாமா என்று கேட்பீர்கள். திருமணமாகாத இளைஞராய் இருந்தபோது இப்னு உமர் (ரலி) அவர்கள் பள்ளியில் உறங்கியதாக ஹதீஸ் உண்டு. பயணியும் இஃதிகாஃப் இருப்பவரும் தவிர மற்றோருக்கு ஹனஃபி மத்ஹபில் அது மக்ரூஹ். ஆனால் நான் கேட்பது தொழுமிடத்தை அன்று, வெளித்தாழ்வாரத்தை. ஜகாத் பணத்தை இதற்குத் தொட வேண்டாம். ஹனஃபி சட்டப்படி அது ஏழையின் கையில் உடைமையாய்ச் சேர வேண்டும். ஸதகா போதும். ஒரு மண்பானை, நான்கு பாய், ஒதுங்கப் பூட்டாத கழிப்பிடம், துடைப்பவருக்குச் சிறு கூலி. பெண்களுக்கு மறைப்புடன் ஒரு மூலை. செருப்பை உள்ளே வைக்க ஒரு அலமாரி. அது கதவைவிட மலிவு. வருபவர் எந்த மதத்தவர் என்று கேட்க வேண்டியதில்லை, வெயில் கேட்பதில்லை.

வரும் வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் எங்கள் நிர்வாகக் கூட்டம் இருக்கிறது. ளுஹருக்கும் அஸருக்கும் இடையே அக்கதவைத் திறந்து வைக்கும்படி கேட்க இருக்கிறேன். முன்பு கையொப்பமிட்டவர்களில் மூவர் இப்போது இல்லை. மற்றவர்கள் என்ன சொல்வார்களோ அறியேன். உங்கள் பள்ளியின் சாவி நண்பகலில் யார் கையில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.