திராட்சைக்கு ஒரு நீதி, பனைக்கு ஒரு நீதியா?

திருப்பலியில் திராட்சை இரசத்தை ஒப்புக்கொடுக்கும்போது, அது மனித உழைப்பின் பயன் என்று சொல்லியே நாம் செபிக்கிறோம். எங்கோ கொடி வளர்த்தவரின் உழைப்பை நாள்தோறும் நினைவுகூரும் நாம், நம் ஊரில் பாளை சீவி அக்கானி இறக்கும் பனையேறியின் உழைப்பை என்றாவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

ஐரோப்பாவில் திராட்சை இரசம் செய்வது பரம்பரைத் தொழில். பிரான்சின் பர்கண்டி பகுதியில் துறவற மடங்களே அதைப் பேணி வளர்த்தன. ஆனால் இன்று அத்தொழிலுக்குள்ள மதிப்பு தானாக வந்துவிடவில்லை. 1860களில் ஒருவகைப் பூச்சி வேர்களைத் தாக்க, பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் அழிந்தன. தட்டுப்பாட்டைப் பயன்படுத்திச் சிலர் சர்க்கரையும் தண்ணீரும் கலந்து போலி இரசம் விற்றார்கள். பின்னர் தோட்டங்கள் மீண்டும் விளைந்தபோதும், விலை வீழ்ந்து உண்மை விவசாயி கடனாளியானார். 1907இல் தென்பிரான்சின் மோம்பெலியே நகரில் லட்சக்கணக்கானோர் திரண்டனர். அதே ஆண்டில் கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. 1935இல், ஓர் ஊரின் பெயரில் விற்கும் இரசம் அவ்வூர்த் திராட்சையில், அவ்வூர் முறைப்படி செய்யப்பட வேண்டும் என்ற ஒழுங்கு உறுதியானது. 2023இல் விற்பனை சரிந்தபோது, மிகுதியான இரசத்தை வாங்கி அப்புறப்படுத்த 20 கோடி யூரோ வரை செலவிடுவதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. விற்காத நேரத்திலும் விவசாயி கைவிடப்படவில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் பனையேறிகள் காலையும் மாலையும் மரமேறினார்கள். புளிக்காதிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி அக்கானி இறக்கினார்கள். வீட்டுப் பெண்கள் அடுப்பனலில் நின்று அதைக் கருப்பட்டியாகக் காய்ச்சினார்கள். இவர்களுக்குத் திருவிதாங்கூர் அரசு தந்தது என்ன? ஏணிக்காணம், தளைக்காணம் என்று ஏணிக்கும் தளைநாருக்கும்கூட வரி! 1956இல் நாம் தமிழகத்தோடு இணைந்தோம். 1987 முதல் தமிழகத்தில் கள்ளுக்குத் தடை. ஆனால் 2003 முதல் அரசே மதுக்கடை நடத்துகிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் கள் இறக்கும் போராட்டம் நடந்ததும் இந்த முரண்பாட்டால்தான்.

கள்ளுக்கு அனுமதி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல மாட்டோம். குடியால் சிதைந்த குடும்பங்களின் கண்ணீரைப் பங்குகளில் அன்றாடம் காண்கிறோம். ஆனால் கள்ளைப் பற்றியே வாதாடும் நாம், அக்கானியையும் கருப்பட்டியையும் மறந்துவிட்டோம். அவற்றுக்குத் தடை இல்லை. காக்க ஆள்தான் இல்லை. 1907இல் பிரான்சின் விவசாயியை அழவைத்த அதே சர்க்கரை, இன்று நம் கருப்பட்டியில் கலந்து பனையேறியின் வயிற்றில் அடிக்கிறது. சீனி கலந்தது மலிவாகக் கிடைக்கும்போது, உண்மைக் கருப்பட்டிக்கு உரிய விலை எப்படிக் கிடைக்கும்? மரத்திலிருந்து விழுந்தால் வாழ்வே முடங்கும் தொழிலுக்குத் தம் பிள்ளையை எந்தத் தகப்பன் அனுப்புவார்?

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் மரத்தைக் காத்து, ஊர்ப் பெயரைக் காத்து, ஏறும் மனிதரைக் கைவிட்டால் என்ன பயன்?

அன்புக்குரியவர்களே, சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நம் வீடுகளிலும் பங்குத் திருவிழாக்களிலும் கலப்படமற்ற கருப்பட்டியை நியாய விலை கொடுத்து வாங்குவோம். எஞ்சியிருக்கும் பனையேறிகளை அன்பியங்கள் தேடிச் சென்று, பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய உதவட்டும். திராட்சைத் தோட்டத்தில் கடைசியாக வந்தவருக்கும் முழுக்கூலி கொடுத்த தலைவரைப் பற்றிப் பிரசங்கிக்கும் நாம், நம் பனந்தோப்பின் கடைசி உழைப்பாளிக்கு என்ன கொடுக்கப் போகிறோம்?