மக்கள் தோற்கடிச்சவருக்கு ராஜ்நிவாஸா?



ஹைதராபாத்தில் பிறந்த கசாலா ஹாஷ்மி, 2025 நவம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் துணை ஆளுநர் தேர்தலில் வென்றார். யாரும் நியமிக்கல. மக்கள்கிட்ட ஓட்டுக் கேட்டு ஜெயிச்சார்.

நம்ம பக்கத்துப் புதுச்சேரியில நடந்தது என்ன?

2015 டெல்லி தேர்தலில் பா.ஜ.க.வின் முதல்வர் வேட்பாளர் கிரண் பேடி. கிருஷ்ணா நகர் மக்கள் தோற்கடிச்சு அனுப்பினாங்க. அடுத்த வருஷமே அவரைக் கொண்டுவந்து துணைநிலை ஆளுநராக்குச்சு மோடி அரசு! 2017-ல் மக்கள் தேர்ந்தெடுக்காத 3 பேரை எம்.எல்.ஏ.வாக ஒன்றிய அரசு நியமிக்க, பதவிப் பிரமாணம் செஞ்சு வச்சதும் இவரே. ஏழைக்கு இலவச அரிசி தர்றதுக்கும் முட்டுக்கட்டை. 2019 பிப்ரவரியில் முதல்வர் நாராயணசாமி கருப்புச் சட்டையோட ராஜ்நிவாஸ் வாசல்ல, ரோட்டுல படுத்தார். முதல்வருக்கே இந்த கதி!

தேர்தலில் நிற்கலாமா வேண்டாமான்னு 1956-ல் இதே திருச்சி மாநாட்டில் பெட்டி வச்சு, ஓட்டுப் போடச் சொல்லிக் கேட்டவர் நம்ம அண்ணா. மலைக்கோட்டைக்காரங்களுக்கு ஓட்டோட மதிப்பை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

துணிச்சல் இருந்தா துணைநிலை ஆளுநர் பதவிக்கும் தேர்தல் வைங்க. இல்லையா, புதுச்சேரிக்கு முழு மாநில அந்தஸ்தைக் கொடுங்க!

#மாநில_சுயாட்சி #திருச்சி