பார்க்கிங் திட்டத்துக்குக் காற்றின் கணக்கும் வேண்டும்

பெர்த் நகரின் வாகா மைதானத்தில் நடந்த டெஸ்ட் போட்டிகளின் வர்ணனையைக் கேட்டவர்களுக்கு ‘ஃப்ரீமேன்டில் டாக்டர்’ தெரிந்த பெயர்தான். கோடைப் பிற்பகலில் தென்மேற்கிலிருந்து வந்து, தகிக்கும் நகரைக் குளிர்வித்து, ஸ்விங் பந்துவீச்சாளருக்குக் கைகொடுக்கும் கடற்காற்று அது. மைதானத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஸ்வான் ஆற்றங்கரையில் இதே காற்றுக்காக இன்னொரு கூட்டமும் காத்திருக்கிறது. பலகைமேல் பாய் கட்டி நீரில் பறக்கும் விண்ட்சர்ஃபிங் வீரர்கள் அவர்கள்.

கடலைச் சேருமுன் ஸ்வான் ஆறு, மெல்வில் வாட்டர் என்னும் அகன்ற நீர்ப்பரப்பாக விரிகிறது. அதன் வடகரையில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தை ஒட்டி மட்டில்டா பே புல்வெளி. அடுத்து பெலிக்கன் பாயின்ட் முனை. மாணவர்களின் கார்கள், குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை, பாய்மரப் படகுகள், சைக்கிள் பாதை, விண்ட்சர்ஃபிங் எல்லாவற்றுக்கும் அதே குறுகலான கரைதான் இடம்கொடுக்க வேண்டும்.

இதுபோன்ற கரைகளுக்குப் பார்க்கிங் திட்டம் தீட்டும்போதெல்லாம் பேச்சு ‘எத்தனை கார்கள்?’ என்ற ஒரே கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறது. ஒரு தரப்பு கூடுதல் இடம் கேட்கிறது. இன்னொரு தரப்பு தாரைப் பெயர்த்துப் புல் வளர்க்கச் சொல்கிறது. எந்தக் கார், எந்த நேரத்தில், நீரிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று கேட்டிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்திருக்கும்.

ஏன் கரையருகே?

‘காரைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வரட்டுமே’ என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கருவிகளிடம் இருக்கிறது. பலகை இரண்டரை மீட்டருக்கு முன்பின்னாக இருக்கும். பாய்மரக் கம்பம் நான்கு மீட்டரைத் தாண்டும். இரண்டு துண்டாகக் கொண்டுவந்து கரையில்தான் பூட்டுவார்கள். கம்பத்தைப் பாயின் உறைக்குள் செலுத்தி, கயிற்றை இழுத்து முறுக்கேற்ற ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளத் தரை வேண்டும். தார்த்தளத்தில் வைத்து இழுத்தால் பாயின் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரசிக் கிழியும். மணலில் பூட்டினால் இணைப்புக்குள் மணல் புகுந்து, திரும்பிவரும்போது கம்பம் கழலாது. அதனால்தான் அவர்கள் புல்லைத் தேடுகிறார்கள். பூட்டிய பாயைத் தூக்கிக்கொண்டு காற்றில் நடப்பது இன்னும் சிரமம். ஒரு வீச்சில் ஆளையே திருப்பிவிடும். காற்று கூடினால் சிறிய பாய், தணிந்தால் பெரிய பாய் என்று மாற்றுவதற்காகக் காருக்குத் திரும்பவும் வேண்டியிருக்கும்.

ஒரு கார் நிற்கவும் அது வந்து திரும்பவும் 25 சதுர மீட்டருக்குக் குறையாமல் இடம் தேவை. அந்த இடத்தில் இரண்டு பாய்களைத் தாராளமாக விரிக்கலாம். ஆக, புல்லை அழித்துக் கூடுதல் பார்க்கிங் தருவது அவர்களுக்குச் செய்யும் உதவியும் அல்ல. அழகுக்காக நீர்விளிம்பில் வரிசையாக மரம் நட்டாலும் பிரச்சினைதான். காற்று அங்கே உடைந்து சுழலும்.

நாட்காட்டி சொல்வது

நிலம் சூடேறிய பிறகுதான் கடற்காற்று எழும். குளிக்கவும் நடக்கவும் காலையில் வரும் குடும்பங்கள், காற்று வலுக்கும் பிற்பகலில் பெரும்பாலும் கிளம்பிவிடுகின்றன. கடற்காற்றின் உச்சம் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. பல்கலைக்கழகத்தின் நீண்ட கோடை விடுமுறையும் ஏறக்குறைய அதே காலம்தான். அதாவது, மாணவர்களின் கார்கள் குறையும் மாதங்களில்தான் பாய்களுக்குக் கூட்டம். ஆண்டு முழுவதற்கும் ஒரே விதி என்பதைக் கைவிட்டு, பருவத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப விதியை மாற்றினால், ஒரு காருக்குக்கூடக் கூடுதல் இடம் போடாமலே பெரும்பகுதி நெருக்கடி குறையும்.

ஆனால், பறவைகளின் நாட்காட்டி இவ்வளவு இணக்கமானதல்ல. சைபீரியப் பகுதிகளிலிருந்து வலசை வரும் உள்ளான் இனப் பறவைகள் இங்கே தங்குவதும் இதே கோடையில்தான். அவற்றில் சில 30 கிராம் எடைகூட இல்லாதவை. திரும்பிச் செல்லும் நெடும்பயணத்துக்கு இங்கேதான் இரை தின்று கொழுப்பு சேர்க்க வேண்டும். பெலிக்கன் பாயின்ட், ஆல்ஃபிரட் கோவ், மில்யூ ஆகிய மூன்று இடங்களும் ஸ்வான் கழிமுகக் கடல்சார் பூங்காவாக 1990-லேயே அறிவிக்கப்பட்டன. சேற்றுத் திட்டில் இரை பொறுக்கும் பறவை ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அது சேர்த்த ஆற்றல் வீணாகிறது. இந்த எல்லையில் விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் வீரர்கள்தான். அதில் பேரத்துக்கு இடமில்லை.

யார் விலை கொடுப்பது?

இலவசப் பார்க்கிங் என்று ஒன்று கிடையாது, கார் இல்லாதவரும் சேர்ந்தே அதன் செலவைச் சுமக்கிறார் என்று 2005-இல் வெளியான தன் நூலில் நகரத் திட்டமிடல் அறிஞர் டொனால்டு ஷூப் வாதிட்டார். அது ஆற்றங்கரைக்கும் பொருந்தும். பேருந்தில் வருபவருக்கும் சொந்தமான கரையில், பாயோடு வருபவர் மட்டும் இலவசமாக இடம் கேட்பது நியாயமல்ல. கட்டணம் வாங்கட்டும், ஆனால் இரண்டு மணி நேர வரம்பு வேண்டாம். காற்றுக்குக் காத்திருந்து, பாய் பூட்டி, ஓட்டி, கழற்றி முடிக்க நான்கு மணி நேரமாவது ஆகும். பாதியில் கரையேறி பார்க்கிங் மீட்டருக்கு ஓடச் சொல்லும் விதி, அபராதம் வசூலிக்கத்தான் உதவும்.

செய்ய வேண்டியவை அதிகச் செலவு பிடிப்பவை அல்ல. கரையருகே பொருள் இறக்க மட்டும் 15 நிமிட நிறுத்தம். அடுத்த வரிசையில், கோடைப் பிற்பகல்களில் நான்கு மணி நேரக் கட்டண அனுமதி. நாள்முழுக்க நிற்கும் கார்களுக்குப் பின்வரிசை. பாய் பூட்டத் திறந்த புல்வெளி. அங்கிருந்து நீருக்குச் செல்லும் வழி சைக்கிள் பாதையைக் கடக்கும் இடத்தில் தெளிவான குறியீடு. பறவைத் திட்டைச் சுற்றி மீறமுடியாத எல்லை.

வரைபடம் இறுதியாவதற்கு முன் அதிகாரிகளும் வீரர்களும் பறவை ஆர்வலர்களும் ஒரு ஜனவரிப் பிற்பகலில் சேர்ந்து அந்தக் கரையில் நடக்கட்டும். கரையில் முதல் இடம் பறவைக்கு, அடுத்தது மனிதருக்கு, மிஞ்சியதுதான் காருக்கு. இந்த வரிசை மாறாத திட்டத்தையே ஊர் ஏற்க வேண்டும்.