நூல் கரைந்ததா என்று யாரிடம் கேட்பது?

மூக்கு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம் கழித்து ஒருவர் வருகிறார். துவாரத்தின் உட்பக்கம் விரல் பட்டால் மீன்முள் போல ஏதோ குத்துகிறது என்கிறார். கண்ணாடி முன் அண்ணாந்து பார்த்தபோது நீலமாக ஒரு நுனி தெரிந்ததாம். “தையல் தானா கரைஞ்சிடும்னு சொன்னாங்களே டாக்டர்?” காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. தலைவிளக்கை மாட்டிக்கொண்டு, பொருக்கை நனைத்து எடுத்து, நுனியை இடுக்கியில் பிடித்துக் கத்தரித்துவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. வீட்டில் கிள்ளுக்கோலால் இழுத்துப் பார்க்காமல் இருந்தால் போதும்.

ஆனால், கத்தரிப்பதற்கு முன் மருத்துவர் ஒன்றைக் கேட்பார்: “என்ன நூல் போட்டாங்க?” நோயாளியிடம் பதில் இருக்காது. அவர் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இருக்காது. ‘மூக்கு நடுத்தண்டு சீரமைப்பு செய்யப்பட்டது, நோயாளி நல்ல நிலையில் அனுப்பப்பட்டார்’ என்பதோடு அந்தத் தாள் முடிந்துவிடும். மூக்கு அறுவைசிகிச்சைக்குப் பின்வரும் நீண்ட காலத் தொல்லைகளைப் பற்றிப் பேசும்போது கத்தியின் தவறுகளையே பேசுகிறோம். என்னைக் கேட்டால், அதைவிடப் பரவலான குறை இந்தத் தாளில் இருக்கிறது.

‘கரையும் தையல்’ என்று பொதுவாகச் சொல்வதில் பல வகை நூல்கள் அடங்கும். ஆட்டின் அல்லது மாட்டின் குடலிலிருந்து செய்யப்படும் குரோமிக் கேட்கட் முற்றிலும் கரைய ஏறக்குறைய 90 நாட்கள் ஆகும். விக்ரில் எனப்படும் செயற்கை நூல் 56 முதல் 70 நாட்களில் கரையும். பிடிஎஸ் என்ற நூலுக்கு ஆறு, ஏழு மாதம் வேண்டும். நைலானும் புரோலினும் கரையவே கரையாதவை. மூக்கின் வெளித்தோலில் போட்டால் ஐந்து முதல் ஏழு நாட்களில் பிரித்துவிடுவார்கள்.

உள்ளே போட்டால்? அங்கேதான் நோயாளிகள் அறியாத சங்கதி இருக்கிறது. மூக்கின் வடிவத்தை மாற்றும் ரைனோபிளாஸ்டியில், நுனியின் இரு குருத்தெலும்புகளையும் வளைத்துச் சேர்த்துத் தைக்கிறார்கள். குருத்தெலும்புக்குப் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் குணம் உண்டு. தழும்புத் திசு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும்வரை நூல்தான் பிடித்தாக வேண்டும். அதனால் மெதுவாகக் கரையும் பிடிஎஸ்ஸையோ கரையவே செய்யாத நூலையோ தெரிந்தேதான் போடுகிறார்கள். ஓராண்டு, இரண்டாண்டு கழித்து வீக்கம் முழுதாக வடிந்து, தோல் குருத்தெலும்போடு ஒட்டிக்கொள்ளும்போது, அதுவரை மறைந்திருந்த முடிச்சு கையில் தட்டுப்படலாம். தோல் மெல்லியவர்களுக்கு வெளியே எட்டியும் பார்க்கலாம். எப்போதாவது அதைச் சுற்றிச் சீழ் கட்டும், சிவந்த சதை முளைக்கும். முடிச்சு தட்டுப்படுவதாலேயே அறுவைசிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளல்ல. அதே நேரம், ‘உள்ளே நிரந்தர நூல் இருக்கிறது’ என்று நோயாளியிடம் முதலிலேயே சொல்லாமல் விட்டதற்கு இது சமாதானமும் ஆகாது.

மற்ற பிரச்சினைகளில் பாதி, காத்திருந்தால் தீர்பவை. நுனி மரத்துப்போவது, நடுத்தண்டு அறுவைக்குப் பின் மேல்வரிசை முன்பற்களில் உணர்ச்சி மந்தமாவது, வாசனை தெரியாமல் இருப்பது ஆகியவை பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். வீக்கம் முழுதாக வடிய ஓராண்டு ஆகும்; தோல் தடித்தவர்களுக்கு இன்னும் கூடும். மூன்றாம் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து மனம் நொந்துபோய் மறு ஆபரேஷனுக்கு நாள் குறிப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். குறித்துக் கொடுப்பவர்கள் அதைவிட.

தீராதவையும் உண்டு. நடுத்தண்டில் ஓட்டை விழுந்தால் மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்கும். பொருக்குக் கட்டும், ரத்தம் கசியும். குருத்தெலும்பை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் சில ஆண்டுகளில் மூக்கின் முதுகு குழிந்து சேணம்போல் ஆகிவிடும். நடுத்தண்டின் மேற்புறமும் முன்புறமும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ‘எல்’ வடிவில் குருத்தெலும்பை விட்டுவைக்க வேண்டும் என்று பாடப்புத்தகங்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இவற்றையாவது கண்ணால் பார்க்க முடியும். பார்த்தால் தெரியாத ஒரு துன்பம் இருக்கிறது. மூக்கின் பக்கச்சுவர்களில் உள்ள சதைமடிப்புகள் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துகின்றன. காற்று உள்ளே போவதை நாம் உணர்வதும் அங்குள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகளால்தான். அடைப்பை நீக்குவதாக நினைத்து அந்தச் சதையை அதிகம் வெட்டிவிட்டால், மூக்கு விசாலமாகத் திறந்திருக்கும்; நோயாளிக்கோ மூச்சு முட்டும். 1994இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூஜின் கெர்னும் மோனிகா ஸ்டென்க்விஸ்ட்டும் இதற்கு ‘வெற்று மூக்கு’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்கேன் எடுத்தால் வழி நன்றாகத் திறந்திருக்கிறது என்றே வரும். ‘எல்லாம் நார்மல்’ என்று நோயாளியை அனுப்பிவிடுவார்கள்.

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் உள்ள வென்லிங் நகரில், மூக்கு அறுவைக்குப் பின் மூச்சுவிட முடியவில்லை என்று மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு வந்த ஒருவருக்குப் பரிசோதனைகள் எல்லாம் இயல்பு என்றே சொல்லப்பட்டது. 2013 அக்டோபரில் அவர் கத்தியோடு வந்து ஒரு மருத்துவரைக் கொன்றார், இருவரைக் காயப்படுத்தினார். அவருக்கு மனநலச் சிக்கலும் இருந்தது. அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனாலும் ‘ரிப்போர்ட் நார்மல்’ என்ற பதிலோடு மருத்துவத்தின் கடமை முடிந்துவிடுகிறதா என்று சீன மருத்துவர்கள் மட்டுமே யோசித்தால் போதாது.

இதையெல்லாம் படித்துவிட்டு அறுவைசிகிச்சையே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. நடுத்தண்டு வளைவுக்குச் செய்யும் செப்டோபிளாஸ்டி பலன் தருவது நிரூபணமாகியிருக்கிறது. பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 378 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் பிஎம்ஜே இதழில் வெளியானது. ஸ்பிரேக்களை மட்டும் பயன்படுத்தியவர்களைவிட அறுவை செய்துகொண்டவர்கள் ஆறாவது மாதத்தில் தெளிவாக நலமாக இருந்தார்கள். 2019இல் லான்செட் வெளியிட்ட நெதர்லாந்து ஆய்வும் அதே பக்கம்தான் நிற்கிறது. ஆனால், முதல் ஆய்வு ஓராண்டிலும் அடுத்தது இரண்டாண்டிலும் நோயாளிகளைப் பின்தொடர்வதை நிறுத்திக்கொண்டன. ஐந்தாம் ஆண்டில் எட்டிப்பார்க்கும் முடிச்சு அவற்றின் கணக்கில் வராது.

இந்த இடத்தில் 1794 நினைவுக்கு வருகிறது. திப்புவோடு நடந்த போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியதற்காக மூக்கு அறுக்கப்பட்ட ஒருவருக்கு, நெற்றித் தோலை எடுத்து மூக்கு வைத்தார் உள்நாட்டு வைத்தியர் ஒருவர். அந்தச் செய்தியை லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ வெளியிட்டது. உடன் வந்த படம், அறுவை முடிந்து பத்து மாதம் கழித்து வரையப்பட்டது. மறுநாளே ‘முன்பு - பின்பு’ படம் போடும் இன்றைய இன்ஸ்டாகிராம் விளம்பரங்களைவிட அந்தப் பத்திரிகை நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது காகிதங்களுக்கு வருவோம். 2020இல் அறிமுகமான ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசியில், மருத்துவமனையை விட்டு வந்த பின் ஆகும் செலவுக்குக் காப்பீடு 60 நாட்கள்தான். பிடிஎஸ் நூல் அப்போது பாதிகூடக் கரைந்திருக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவர் வைத்திருக்க வேண்டிய காலம், 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள். இதைவிட நீண்ட காலம் வைத்திருக்கும் மருத்துவமனைகளும் உண்டு. அது அவர்கள் விருப்பம்.

இரண்டாண்டு என்பது எங்கிருந்து தொடங்குகிறது என்பதில் ஒரு தீர்ப்பு முக்கியமானது. 1993இல் பித்தப்பை அறுவை செய்துகொண்ட கோவா செவிலியர் ஒருவரின் வயிற்றில் காஸ் துணி இருந்தது 2002இல்தான் தெரியவந்தது. பாதிப்பு வெளியே தெரியாத நிலையில், அது கண்டறியப்பட்ட நாளிலிருந்தே காலக்கெடுவைக் கணக்கிடலாம் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அவருடைய வழக்கு தள்ளுபடியானது. அறுவை முடிந்ததிலிருந்தே வலி இருந்திருக்கிறது. செவிலியரான அவர் அப்போதே காரணம் தேடியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ‘கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்’ என்று சொன்னதை நம்பிக் காத்திருக்கும் மூக்கு நோயாளிகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நூலின் விவரம் நோயாளிக்குக் கிடைக்கச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. கண்புரை அறுவையில் பொருத்தும் லென்ஸின் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தருவது நம் ஊரில் சாதாரண நடைமுறை. இதய ஸ்டென்டுக்கு 2017இல் விலை வரம்பு வந்தபோது, அதன் பெயரையும் பேட்ச் எண்ணையும் பில்லில் எழுத வேண்டும் என்று அரசு சொன்னது. அறுவை நூல் வரும் உறையிலும் பெயர், தடிமன், பேட்ச் எண் எல்லாம் அச்சாகியே இருக்கின்றன. உள்ளே விடப்படும் நூலின் பெயரையும் அது கரையுமா கரையாதா என்பதையும் இரண்டு வரி எழுத அரை நிமிடம் ஆகுமா? எவ்வளவு சதை எடுத்தோம், மூக்கினுள் சிலிகோன் தகடு வைத்தோமா, எடுத்தோமா என்பதையும் சேர்த்து எழுதலாம். எழுதினால் நோயாளிகள் வீணாகப் பயப்படுவார்கள் என்கிறார்கள் சில மருத்துவர்கள். எட்டாம் மாதம் நீல நுனியைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் இணையத்தில் தேடுகிறவரின் பயத்தைவிட இது குறைவாகத்தான் இருக்கும்.

அரசோ மருத்துவ ஆணையமோ இதைக் கட்டாயமாக்கும்வரை நோயாளிகள் கேட்டு வாங்க வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரியை அல்ல, ஆபரேஷன் நோட்ஸை. என்ன நூல், எங்கே தைத்தது என்ற விவரம் இருந்தால் அதில்தான் இருக்கும். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று அதே 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நான்காம் ஆண்டில் போய்க் கேட்டால், ‘அழித்துவிட்டோம்’ என்று அவர்கள் சொல்வதும் விதிப்படி சரியாகவே இருக்கும்.