எம்.டி. பேசுகிறேன் என்றால்...

கம்பெனிகளில் பணம் ஏமாந்து போகும்போதெல்லாம் ஊழியர்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்று அறிவுரை வருகிறது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. நான் படித்தறிந்த வரையில், பெரிய தொகை போன இடங்களில் எல்லாம் ஊழியரைக் கவிழ்த்தது மேலிடத்தின் மேல் இருந்த பயம்.

2022 செப்டம்பரில் புனேயில் நடந்ததைப் பாருங்கள். நமக்கெல்லாம் கோவிஷீல்டு ஊசி தயாரித்த சீரம் இன்ஸ்டிடியூட். அதன் தலைமை நிர்வாகி அதார் பூனாவாலா பெயரில் இயக்குநர் ஒருவருக்கு வாட்ஸ்அப் வந்தது: இன்னின்ன கணக்குகளுக்கு உடனே பணம் அனுப்பவும். ஒரு கோடியே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. பூனாவாலா எதுவுமே அனுப்பவில்லை.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்த நாட்டுச் செய்திகளை இன்னும் மேய்கிறேன். அங்கே இதற்குப் பெயரே உண்டு: 'ஃப்ரோத் ஓ ப்ரெசிதான்', அதாவது தலைவர் பெயரில் மோசடி. இதில் பேர்போன ஆசாமி ஜில்பேர் ஷிக்லி. 2005ல் பாரிஸில் வங்கிக் கிளை மேலாளரான ஒரு பெண்மணிக்கு வங்கித் தலைவர் பேசுவதாகப் போன். தீவிரவாதிகளின் பணத்தைப் பிடிக்க உளவுத்துறைக்கு உதவ வேண்டும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கதை. அந்த அம்மாள் 3,58,000 யூரோவைப் பையில் கட்டிக்கொண்டு போய் ஒரு உணவகத்தின் கழிவறையில் ஒப்படைத்தார்! பிற்பாடு அமைச்சர் லெ திரியானின் முகமூடியோடு வீடியோவில் பேசிப் பல கோடி யூரோ சுருட்டிய வழக்கில், 2020ல் பாரிஸ் நீதிமன்றம் ஷிக்லிக்கு 11 ஆண்டு சிறை விதித்தது.

2024ல் தெரியவந்த ஹாங்காங் சம்பவம் இன்னும் மோசம். ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் மின்னஞ்சலைப் பார்த்ததும் சந்தேகப்படத்தான் செய்தார். ஆனால் வீடியோ கூட்டத்தில் மேலதிகாரியும் சகாக்களும் தெரிந்தார்கள். அத்தனை பேரும் கம்ப்யூட்டரில் செய்த போலி உருவங்கள். 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. விழிப்பு இருந்தும் என்ன பயன்?

பெரிய பதவி, அவசரம், ரகசியம். மூன்றும் சேர்ந்து வந்தால் சின்ன உத்தியோகத்தில் இருப்பவன் என்ன செய்வான்?

எங்கள் காலத்துக் கருவூலத்தைத் திட்டாதவர் கிடையாது. ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புது அதிகாரி பொறுப்பேற்றால் அவருடைய மாதிரிக் கையெழுத்து கருவூலத்துக்குப் போக வேண்டும். 'நான்தான் புது அதிகாரி' என்று அவரே எழுதி அனுப்பினால் செல்லாது. முன்பிருந்தவரோ மேலதிகாரியோ சான்றொப்பம் இட வேண்டும். எவ்வளவு பெரியவர் ஆனாலும் கையெழுத்தை ஒத்துப் பார்க்காமல் பில் பாஸ் ஆகாது. கிளார்க் அவமதித்துவிட்டான் என்று யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது. கேட்பது விதி, அவன் இல்லையே. அந்தக் கவசம் இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறதா?

நம் பொதட்டூர்பேட்டைத் தறி முதலாளிகளுக்கும் சொல்கிறேன். நூல் வியாபாரி 'பேங்க் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் போடுங்கள்' என்று எழுதினால், பழைய நோட்டில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்; வந்த கடிதத்தில் உள்ள நம்பருக்கு வேண்டாம். பெரிய தொகைக்கு இரண்டு பேர் ஒப்புதல் வையுங்கள். முக்கியமாக, உங்கள் பெயரிலேயே உத்தரவு வந்தாலும் திருப்பிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுங்கள். கேட்கிறவனை 'என்னையே சந்தேகப்படுறியா?' என்று ஒரு தடவை அதட்டினால் போதும், அடுத்த தடவை அவன் கேட்கவே மாட்டான்.

பணம் போய்விட்டால் 1930க்கு உடனே போன் செய்ய வேண்டும். பணம் கைமாறுமுன் கணக்கை முடக்க ஒரு வாய்ப்பாவது உண்டு. சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்த பையன் சாயங்காலம் வரை வாயைத் திறக்க மாட்டான். அதற்குள் அது நாலு கணக்கு தாண்டியிருக்கும்.